அம்மச்சி சொன்ன தொண்ணூற்றொன்பது

பாறசாலை, காரோடு, குளத்தூர், செங்கல், கொல்லயில், நெய்யாற்றின்கரைப் பக்கங்களில் இந்த வருஷம் பி.ஏ. முடித்துவிட்டு, மேற்கொண்டு வரலாறு, தொல்லியல், மரபுரிமையியல் என்று ஏதாவது படிக்கலாமா என யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு,

மக்களே,

என் தலைக்கனம் இறங்கின கதையோடு தொடங்குகிறேன். 1997. முதுகலை இரண்டாம் வருஷம். ஆய்வேட்டுக்காக இஞ்சிவிளையில் ஓர் அம்மச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். இரவல் டேப்ரிகார்டர், அறுபது நிமிஷக் கேசட் ஒன்று. அம்மச்சி திண்ணையில் உட்கார்ந்து ஓலை முடைந்துகொண்டே பேசினார். பிறந்த வருஷம் கேட்டேன். "தொண்ணூத்தொம்பதுல வெள்ளம் வந்துல்லா, அதுக்க மறு வருஷம்" என்றார். நான் நோட்டில் 1900 என்று எழுதிக்கொண்டேன். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் 'தகவலாளர் வயது 97' என்று தட்டச்சாகி, அட்டை கட்டி, ஒப்படைத்தும் ஆயிற்று. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இந்த வயசிலயும் ஓலை முடையறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன், என்னவோ நானே முடைந்த மாதிரி.

பிற்பாடு ஒரு பிரதியைக் கொடுக்கப் போனபோது அம்மச்சியின் பேத்தி அதை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தொண்ணூற்றொன்பது என்றால் கொல்லம் ஆண்டு 1099. ஆங்கிலக் கணக்கில் 1924 ஜூலை. திருவிதாங்கூரில் ஒரு தலைமுறையே தன் வயதையும் கல்யாணத்தையும் கணக்கு வைத்துக்கொண்ட பெருவெள்ளம் அது. அம்மச்சிக்கு அப்போது எழுபத்திரண்டோ எழுபத்துமூன்றோ. உட்கார்ந்த இடத்தில் அவர் வயதைக் கால் நூற்றாண்டு ஏற்றிவிட்டேன்.

வெட்கம் அதில்கூட இல்லை. எங்கள் வீட்டிலும் கொல்லம் ஆண்டில்தான் பேச்சு. அடுக்களையில் இருந்துகொண்டு என் சொந்த அம்மச்சி தொண்ணூற்றொன்பது என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நோட்டும் பேனாவுமாக ஆராய்ச்சியாளராகப் போனதால் புரியவில்லை. இந்தப் படிப்பு உங்களுக்கு நிறையத் தரும். கூடவே, பிறவியிலேயே உங்களுக்கு இருக்கிற காதைக் கொஞ்சம் அடைக்கவும் பார்க்கும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

'பொது வரலாறு' என்று இப்போது பேசுகிறார்கள். வகுப்பறைக்கும் ஆய்விதழுக்கும் வெளியே, அருங்காட்சியகத்தில், ஆவணக் காப்பகத்தில், பஞ்சாயத்து மண்டபத்தில், ஊர்த்திருவிழாவில், மக்களோடு சேர்ந்து மக்களுக்காக வரலாறு செய்வது. அமெரிக்காவில் சான்டா பார்பராவில் ராபர்ட் கெல்லி என்ற பேராசிரியர் 1976இல் இந்தப் பெயரில் முதுகலைப் பயிற்சியைத் தொடங்கினார். சுவீடனில் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட் 1978இல் ஒரு புத்தகம் போட்டார். நீ நிற்கிற இடத்தைத் தோண்டு என்பதுதான் அதன் தலைப்பு. சிமென்ட் ஆலைத் தொழிலாளிகள் தங்கள் ஆலையின் வரலாற்றைத் தாங்களே எப்படி எழுதுவது என்று அதில் சொல்லிக்கொடுத்தார். கம்பெனி எழுதும் வரலாற்றில் கம்பெனிதான் இருக்கும், உன் தோளும் நுரையீரலும் இருக்காது என்பது அவர் வாதம்.

பெயர் புதிது. வேலை நம் பக்கத்தில் பழையது. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில், இன்றைய யுனிவர்சிட்டி கல்லூரியில், பெ. சுந்தரம் பிள்ளை என்று ஒரு தத்துவப் பேராசிரியர் இருந்தார். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் தினமும் பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து அவர் எழுதிய மனோன்மணீயத்தில் இருந்து எடுத்தது. அந்த நாடகம் வந்தது 1891இல். அதே 1891இல் அதே திருவனந்தபுரத்துக்காரர் சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' என்ற மலையாள நாவல் வெளிவந்தது. ஒரே ஊர், ஒரே வருஷம், இரண்டு மொழிகளின் இரண்டு முதல் வரிசைப் புத்தகங்கள். ஒரு பாடத்திட்டத்தில் ஒன்றும் அடுத்த பாடத்திட்டத்தில் இன்னொன்றும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாசித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சுந்தரம் பிள்ளையின் இன்னொரு முகம்தான் உங்களுக்கு வேண்டியது. கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டு படித்தார். வட்டெழுத்தை வாசித்தார். 1894இல் திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதுவரை அரண்மனைக் கதைகளாகவும் தலபுராணமாகவும் இருந்த விஷயத்துக்கு முதல்முறையாகக் கல்லைச் சாட்சிக்கு அழைத்த புத்தகம். அதில் தக்கலைக்குப் பக்கத்து மணலிக்கரைக் கல்வெட்டு வருகிறது. கொல்லம் 410, அதாவது 1235. மழை பொய்த்து விளைச்சல் கெட்டால் முழு வரி கேட்கக் கூடாது, குறைத்துத்தான் வாங்க வேண்டும் என்று ஊர்ச்சபையாரும் அதிகாரிகளும் கூடி எடுத்த முடிவு அது. ராஜா யாரை வென்றார் என்ற சேதியே அதில் கிடையாது. குடியானவனுக்கும் தண்டல்காரனுக்கும் நடுவில் இருக்கிற வழக்கு. தத்துவ வாத்தியார் அதை முக்கியமென்று கண்டுகொண்டார் பாருங்கள், அந்தக் கண்தான் இந்தப் படிப்பு. 1897இல், நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். அவர் பெயரில் பல்கலைக்கழகம் இருப்பது திருநெல்வேலியில்.

இனி நம் எல்லைக் கோட்டுக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போய் கன்னியாகுமரி மாவட்டமாயின. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கிடைக்கவில்லை, கேரளத்தில் நின்றுவிட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம் தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனவர்கள் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தியாகிகள். இந்தப் பக்கத்துப் பாடப் புத்தகத்தில் அவர்களுக்கு இடமில்லை. 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் ஸ்டேட் காங்கிரஸ் கூட்டத்தின் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் வீரராகவன் முதலானவர்கள் விழுந்தார்கள். அது இந்தப் பக்கத்துத் தியாகம். அந்தப் பக்கம் போனால் அதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. இரண்டு இடங்களுக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

கோடு போட்டவர்கள் நிலத்தைத்தான் பிரித்தார்கள் என்று நினைப்போம். காகிதத்தையும் பிரித்துவிட்டார்கள். பார்த்திவபுரம் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்சிறைக்குப் பக்கத்தில், களியக்காவிளையிலிருந்து பொழுது சாயுமுன் போய்வரும் தூரத்தில், ஆய் அரசன் கருநந்தடக்கன் 866இல் ஒரு கோயிலும் ஒரு சாலையும் ஏற்படுத்தினான். சாலை என்றால் உண்டு உறைந்து படிக்கும் இடம். 95 மாணவர்கள். இலக்கணமும் மூன்று அரசுகளின் நிர்வாக வழக்கமும் தெரிந்தவனுக்கே இடம். சண்டை போட்டால் அபராதம், கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது. நம் பக்கத்து உயர்கல்வி ஒன்றின் சேர்க்கை விதிகள் இவை. அந்த ஊர் இன்று தமிழ்நாட்டில். செப்பேட்டுக்கோ, திருவனந்தபுரத்து ஹஜூர் அலுவலகத்தில் கிடந்ததால் ஹஜூர் செப்பேடு என்று பெயர். அதைப் படித்து அச்சிட்டவர் திருவிதாங்கூர் தொல்லியல் துறையின் டி.ஏ. கோபிநாத ராவ்.

மணலிக்கரையை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. கோபிநாத ராவ் காலத்திலேயே, அங்கிருந்த ஒரு மடத்தில் கிடைத்த ஓலைக்கட்டைத் திருவனந்தபுரத்து கணபதி சாஸ்திரி பிரித்துப் பார்த்தார். அதுவரை பெயர் மட்டுமே தெரிந்திருந்த பாசனின் சம்ஸ்கிருத நாடகங்கள் அதில் இருந்தன. 1912 முதல் அச்சேறின. உலகத்துச் சம்ஸ்கிருத அறிஞர்கள் எல்லாம் நம் பக்கத்து மலையடிவார ஊர் ஒன்றின் பெயரை உச்சரிக்கப் பழகினார்கள். பத்மநாபபுரம் அரண்மனை வேறொரு வேடிக்கை. மண் தமிழ்நாட்டுடையது, சாவி கேரளத் தொல்லியல் துறையினுடையது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் இருக்கிறது. இதை வைத்து இரண்டு பக்கமும் அவ்வப்போது குரல் உயர்த்துவார்கள். எனக்கென்னவோ, இரண்டு அரசுகள் ஒரு வீட்டைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு தப்பில்லை என்றுதான் படுகிறது.

பாட்டுகளையும் இந்தக் கோடு விடவில்லை. இரவிக்குட்டிப் பிள்ளை போர், உலகுடைய பெருமாள் கதை, தம்பிமார் கதை, நீலி கதை என்று வில்லில் பாடிவந்த கதைகள் இருக்கின்றனவே, அவை மலையாள இலக்கிய வரலாற்றில் 'தெக்கன் பாட்டுகள்'. தமிழில் 'கதைப்பாடல்கள்'. தமிழ்ப் பேராசிரியர் அவற்றில் மலையாளம் கலந்திருக்கிறது என்பார். மலையாளப் பேராசிரியர் தமிழ் மிஞ்சியிருக்கிறது என்பார். இருவரும் எதைக் கலப்படம் என்கிறார்களோ, அதுதான் உங்கள் வீட்டுப் பேச்சு. நீங்கள் அடிக்குறிப்பு இல்லாமல் வாசிக்கக்கூடிய இலக்கியம் இந்த உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இதிலிருந்துதான் என் வாதம் வருகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு காப்பகங்கள், இரண்டு துறைகள், இரண்டு பாடத்திட்டங்கள். திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைத் தொகுதிகளில் வந்த கல்வெட்டுகளைத் தமிழ்நாட்டுத் துறை பிறகு கன்னியாகுமரிக் கல்வெட்டுகள் என்று தனியாக வெளியிட்டது. அங்கே படிக்கிறவருக்கு மலையாள ஆவணம் வாசிக்க வராது. இங்கே படிக்கிறவருக்குத் தமிழ் ஆவணம் வாசிக்க வராது. இரண்டையும் கூட்டி வாசிக்க ஆள் வேண்டும். டில்லியில் இருந்தோ பெங்களூரில் இருந்தோ ஒருவர் வந்து இரண்டு மொழியும் கற்று, கொல்லம் ஆண்டும் பழகி, அம்மச்சியின் 'அதுக்க'வைப் புரிந்துகொள்ளப் பத்து வருஷம் ஆகும். உங்களுக்குப் பத்து வருஷம் மிச்சம். அதைச் செலவழிக்க வேறு வழி பாருங்கள்.

எழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் ஆவணக் காப்பகத்தில் மதிலகம் ரேகைகள் உள்ளிட்டு கோடிக்கும் மேற்பட்ட ஓலைகள் இருக்கின்றன. 2022 டிசம்பரில் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓலைகளில் இருப்பது வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ். வாசிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சி இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், அந்தப் படிப்பு சொல்லித்தந்தாலும் தராவிட்டாலும், முதல் வருஷத்திலேயே வட்டெழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். பயப்படத் தேவையில்லை, தமிழும் மலையாளமும் தெரிந்த கைக்குச் சில மாதங்களில் பழகிவிடும். தமிழ்நாடு தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் இரண்டு வருஷப் பட்டயப் படிப்பில் இது உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் ஓலைச்சுவடிக்கும் தனித்தனித் துறைகளே இருக்கின்றன. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறை, தொல்லியல் துறை, பக்கத்திலேயே கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்துச் சுவடி நூலகம். வாய்மொழி வழக்கில் நாட்டம் இருந்தால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல். பொது வரலாறு என்ற பலகையே மாட்டியிருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். இந்தியாவில் அந்தப் பலகை மாட்டிய கதவுகள் குறைவு.

மரபு என்றவுடன் எல்லோருக்கும் அரண்மனையும் கோயிலும்தான் நினைவுக்கு வரும். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலா நிற்கிறது. எதிரிகளுக்குத் தப்பி இளவரசர் மார்த்தாண்டவர்மா ஒளிந்த பொந்து என்று சொல்லப்படும் பட்ட பிலா. பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், நல்லதுதான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஊரூட்டம்பலம். பஞ்சமி என்ற புலையர் வீட்டுப் பெண் குழந்தையைக் கையைப் பிடித்து அய்யன்காளி அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். பள்ளியைக் கொளுத்திவிட்டார்கள். கொல்லம் 1090இன் கலவரம் என்பதால் 'தொண்ணூறாமாண்டு லகள' என்றே பெயர். அந்தத் தீயில் பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளியில் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கு இப்போது அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும். ஒரு இளவரசர் ஒளிந்த மரம், ஒரு குழந்தை உட்காரக் கூடாது என்று எரித்த மரம். சுற்றுலாப் பேருந்து எங்கே நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். இந்தப் படிப்பில் சேர்ந்தபின் உங்களுக்கு வரும் முதல் கேள்வி அதுவாக இருந்தால் சந்தோஷப்படுவேன்.

நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்தில் இருந்து உடைவாள் ஏந்திப் புறப்படும் ஊர்வலத்தை நீங்கள் சின்ன வயதிலிருந்து ரோட்டோரம் நின்று பார்த்திருப்பீர்கள். யானை மேல் தேவாரக்கெட்டு சரஸ்வதி, பல்லக்குகளில் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும். முதல் ராத்திரி குழித்துறை, மறுநாள் களியக்காவிளையில் இரண்டு மாநிலப் போலீஸும் மரியாதை செலுத்த எல்லை கடந்து, ராத்திரி நெய்யாற்றின்கரைக் கோயிலில் தங்கல். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்டது என்பது ஐதீகம். கம்பர் வழிபட்டாரா என்பதை வரலாற்று வகுப்பில் அரை மணி நேரத்தில் தள்ளுபடி செய்துவிடலாம். ஒரு தமிழ்க் கவிஞனின் சரஸ்வதி வருஷந்தோறும் திருவனந்தபுரத்துக்கு நடந்துபோக வேண்டும் என்று இத்தனை பேர் ஏன் விரும்பினார்கள் என்பது அவ்வளவு சீக்கிரம் தீராது.

நவம்பர் 1க்குத் திரும்பி வருகிறேன். அன்றைக்குக் கேரளப் பிறவி. அலுவலகங்களில், கல்லூரிகளில் எல்லோரும் கசவு முண்டும் செட்டும் உடுத்தி வருவார்கள். மலையாளி என்பதன் சீருடை மாதிரி. அந்தக் கசவில் பேர்போனதை எங்கே நெய்கிறார்கள்? நம் நெய்யாற்றின்கரை தாலுகா பாலராமபுரத்தில். நெய்தது யார்? பாலராமவர்மா காலத்தில், திவான் உம்மிணித் தம்பி ஏற்பாட்டில், தமிழ்ப் பகுதியில் இருந்து கொண்டுவந்து குடியமர்த்திய சாலியர். ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, விநாயகர் தெரு, புத்தன்தெரு என்று தமிழ்நாட்டு நெசவாளர் ஊர் போலவே தெரு தெருவாக வீடுகள்.

வெயில் ஏறுமுன் ஒருநாள் அங்கே போங்கள். தெருவின் நீளத்துக்கும் பாவை இழுத்துக் கட்டியிருப்பார்கள். நூல்மேல் அரிசிக் கஞ்சி ஏற்றி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, நீளத் தூரிகையால் ஒரே வீச்சில் தேய்த்துக்கொண்டே நடப்பார்கள். பாவாற்றுதல் என்பது இதற்குப் பெயர். ஒரு இழை அறுந்தால் நடை நின்றுவிடும். விரல் நுனியை நனைத்து அதைத் தேடிப் பிடித்து முடிவார்கள், முடிந்த இடம் தெரியாது. மழை தூறினால் எல்லாம் போயிற்று. அதனால் வானத்தைப் பார்த்துக்கொண்டே வேலை. உள்ளே குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பது. பாலராமபுரத் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. குறியீட்டில் நூல் எண்ணிக்கை இருக்கும், கரை இருக்கும். தறிக்காரர் அறுந்த இழைக்கும் கஞ்சிப் பதத்துக்கும் என்னென்ன பெயர் வைத்திருக்கிறார், வீட்டில் என்ன மொழி பேசினார், பிள்ளைகளை ஏன் தறியில் உட்காரவைக்கவில்லை என்பதெல்லாம் இருக்காது. அதை எழுதுவது உங்கள் ஆய்வேடாக இருக்கலாம். இன்னும் கொஞ்ச வருஷம்தான். பிறகு சொல்ல ஆள் இருக்காது.

கையில் கிடைக்கிற ஆவணம் வீட்டிலேயே இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். எங்கள் தகரப் பெட்டியில் ஓர் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், உண்டு. கொல்லம் 1112ஆம் வருஷத்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த அதே வருஷம். தலையில் சங்கு முத்திரை. உடல் முழுக்க ஆதாரமெழுத்துக்காரரின் மலையாளம், மூச்சுவிடாமல் ஒரே வாக்கியமாக ஒன்றரைப் பக்கம். நாலு அதிரும், அதாவது எல்லையும், சொல்லும் இடத்தில் கிழக்கே இன்னார் விளை, தெற்கே தோடு என்று வரும். கடைசியில் என் பாட்டாவின் கையெழுத்து தமிழில், நடுங்கின கோட்டில். பக்கத்தில் அவர் அக்காவின் கைநாட்டு. வாழ்ந்தது ஒரு மொழியில், பதிந்தது இன்னொன்றில், அக்காவுக்கு எதுவும் இல்லை. ஒரே தாளில் அத்தனையும் இருக்கிறது. அதில் இருக்கிற 'விளை'யைப் பார்த்தீர்களா? அமரவிளை, பெருங்கடவிளை, இஞ்சிவிளை, களியக்காவிளை. 1956இன் கோடு விளைகளுக்கு நடுவில்தான் போகிறது.

நிலமே இல்லாதவருக்கு ஆதாரமும் இருக்காது. அங்கே வேறு தாளைத் தேட வேண்டும். லண்டன் மிஷன் 19ஆம் நூற்றாண்டிலேயே பாறசாலையில் நிலையம் அமைத்துவிட்டது. இங்கே ஊழியம் பார்த்த ஜான் ஆப்ஸ் தன் 22 வருஷ அனுபவத்தை 1870இல் புத்தகமாகவே எழுதினார். துரை எழுதினதை லண்டனில் போய் வாசிக்கலாம், இணையத்திலும் வாசிக்கலாம். அதைவிட எனக்கு ருசி, பழைய சபைகளின் ஞானஸ்நான, கல்யாணப் பதிவேடுகள். சர்க்கார் கணக்கில் வெறும் தலை எண்ணிக்கையாக இருந்தவர் அங்கே பெயரோடு, தகப்பன் பெயரோடு, தொழிலோடு இருப்பார். 1959இல் அந்தச் சபைகளின் திருமண்டலமும் தென்கேரளம், கன்னியாகுமரி என்று பிரிந்தது. தாத்தா பதிவு ஒரு பக்கம், பேரன் பதிவு மறுபக்கம்.

இன்னொன்று, உங்கள் பஞ்சாயத்து ஆபீஸில். 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது கேரளத்தில் 990 கிராமப் பஞ்சாயத்துகளும் ஆளுக்கொரு 'விகசன ரேகை', அதாவது வளர்ச்சி அறிக்கை, தயாரித்தன. ரோடு, குளம், பள்ளிக்கூடக் கணக்கோடு ஊர் வரலாற்றுக்கும் அதில் ஓர் அத்தியாயம். எழுதியவர்கள் வாத்தியார்கள், நூலகத்துக்காரர்கள், சங்கத்துக்காரர்கள். ஒரு மாநிலமே ஒரே சமயத்தில் உட்கார்ந்து தன் ஊர்க் கதையை எழுதிப் பார்த்தது. உலகத்தில் அப்படி எத்தனை நடந்திருக்கும்! பொது வரலாறு என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. உங்கள் பஞ்சாயத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கரையான் விட்டுவைத்திருந்தால் கிடைக்கும். அதில் தமிழ் பேசினவர்களைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிவிட்டுக் கோபப்படுவதோடு நிறுத்திவிட வேண்டாம். விட்டுப்போனதை எழுதிச் சேர்க்கத்தான் உங்களை இந்தப் படிப்புக்குப் போகச் சொல்கிறேன். அதே ஆவேசத்தில் மலையாளத்தைத் தள்ளிவிட்டுத் தமிழ்ப் பெருமை மட்டும் எழுதினால், எதிர்ப்பக்கத்து விகசன ரேகை ஒன்றைத்தான் எழுதியிருப்பீர்கள்.

வேலை கிடைக்குமா என்று அம்மா கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தொல்லியல், ஆவணக் காப்பக, அருங்காட்சியகத் துறைகளில் இடங்கள் கொஞ்சம், பி.எஸ்.சி. அறிவிப்பு வருவதோ எப்போதாவது. வரலாறு மட்டும் படித்தவர் வரிசையில் நிற்பார். வரலாறு படித்து, வட்டெழுத்து வாசித்து, ஓலையைச் சுத்தம் செய்து எண்ணெய் இடவும், ஒலிப்பதிவை எழுத்தாக்கவும், ஒரு கண்காட்சிக்கு இரண்டு மொழியில் பலகை எழுதவும் தெரிந்தவர் அதே வரிசையில் கொஞ்சம் முன்னால் நிற்பார். ஆசிரியர் வேலைக்கு வேண்டியதையும் ஒதுக்காமல் படித்துவையுங்கள். பாறசாலையில் இருந்து காலை ரயிலில் போய்வந்து படிக்கலாம் என்பதே 1979இல் இந்தப் பாதை வந்தபிறகு கிடைத்த வசதி. வீட்டுச் சாப்பாட்டோடு முதுகலை படிக்கிற வாய்ப்பைக் குறைத்து நினைக்காதீர்கள்.

பேட்டி எடுக்கப் போகும்போது அனுமதி கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். எங்கே வைப்பீர்கள், யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள். வீட்டில் கிடக்கும் ஓலைக்கட்டை ஆராய்ச்சிக்கு என்று வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவர்களைப் பற்றி நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. படம் எடுத்துக்கொண்டு ஓலையை அங்கேயே வையுங்கள். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள 75 வருஷச் சுவடியும் தொல்பொருள்தான். நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. பரணில் வாரிப்போட்ட ஓலைக்கு அந்த மரியாதை உண்டு என்று வீட்டாரிடம் சொல்லுங்கள், அடுப்பில் போவதாவது நிற்கும். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை அவர்கள் வாசிக்கிற மொழியில் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் அன்றைக்குக் கொடுக்கப் போயிருக்காவிட்டால் அந்தத் தப்பு எனக்கே தெரிந்திருக்காது. நூலகத்தில் என் ஆய்வேடு இன்னும் அந்த 97 வயதோடுதான் இருக்கிறது.

அந்தக் கேசட் என்னிடம் இருக்கிறது. ரெண்டாம் பக்கத்தில், ஓலை கிழியும் சத்தத்துக்கு நடுவே, வெள்ளத்தில் வீட்டார் எதை முதலில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று தன் அம்மா சொன்னதை அம்மச்சி சொல்கிறார். ஒரே ஒரு சொல். தமிழா மலையாளமா, பாத்திரமா ஆளின் பெயரா என்று பிடிபடவில்லை. அப்போது திரும்பக் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த கேள்வி நோட்டில் எழுதியிருந்தது. உங்களில் யாருக்காவது காது பிடிக்கும் என்றால் வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில்தான் இருப்பேன்.

அன்போடு,
இஞ்சிவிளை அம்மச்சிக்கு வயது கூட்டின ஆள்